விளையாட்டு சோறு போடுமா?

ஜப்பானில் ஒரு தகப்பனார் தம் மகனோடு ஆறு மாதம் பேசவில்லை.

மகன் திருடவில்லை. குடிக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவன். டோக்கியோ நகரத்தின் பேர்போன தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் கம்ப்யூட்டர் படித்தவன். அந்தப் படிப்புக்குப் பெரிய கம்பெனி எதிலும் இடம் கிடைத்திருக்கும். அவன் போய்ச் சேர்ந்ததோ, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் வேலை பார்த்த ஒரு சின்னக் கம்பெனியில். அங்கே என்ன வேலை? வீடியோ விளையாட்டு தயாரிக்கும் வேலை!

தகப்பனாரோ சாதாரண ஆள் அல்ல. முரோரான் என்ற நகரத்தின் மேயர். ஊரே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மனிதர். "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்? பேச்சையே நிறுத்திவிட்டார்.

இது நடந்தது 1982-ல். அந்த மகனின் பெயர் சட்டோரு இவாட்டா. இருபது ஆண்டு கழித்து, 2002-ல், உலகப் புகழ் பெற்ற நின்டெண்டோ விளையாட்டுக் கம்பெனிக்கு அவர் தலைவர் ஆனார்.

கதை இவ்வளவுதான் என்றால், பெற்றோருக்குக் கவலையே இல்லை. பிள்ளை ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் 1982-க்கும் 2002-க்கும் நடுவே என்ன நடந்தது? இவாட்டா சேர்ந்த கம்பெனியின் பெயர் ஹால். அது 1990-களின் தொடக்கத்தில் திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. கடன் 150 கோடி யென்! 1993-ல் அந்தக் கம்பெனிக்கு இவாட்டாவையே தலைவர் ஆக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 33. கடனை அடைக்க ஆறு ஆண்டு ஆயிற்று.

தகப்பனார் கோபப்பட்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இன்று வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு

இன்று நம் வீடுகளிலும் அதே பேச்சு நடக்கிறது. பிளஸ்-டூ முடித்த பையன் வருகிறான். "அப்பா, நான் கம்ப்யூட்டர் படிக்கிறேன். ஆனால் ஐ.டி. கம்பெனிக்குப் போகமாட்டேன். கேம் செய்யப் போகிறேன்" என்கிறான். அம்மாவுக்குப் பாதி புரிகிறது. அப்பாவுக்கு, பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரை செல்போனைத் தட்டிக்கொண்டு இருந்தது ஞாபகம் வருகிறது. "விளையாடியே சம்பாதிக்கப் போகிறாயா?" என்கிறார்.

இந்தக் கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சினிமா பார்ப்பது வேறு. சினிமா எடுப்பது வேறு. விளையாடுவதும் விளையாட்டைச் செய்வதும் அப்படித்தான்.

செல்போன் திரையில் ஒரு கார் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையில் ஓடவில்லை. படம் மாறிக்கொண்டே இருக்கிறது. நல்ல விளையாட்டில் ஒரு வினாடிக்கு 60 படம் மாறும். அதாவது ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஒரு வினாடியில் 60-ல் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரம் அதைவிடப் பல மடங்கு அதிகம்! அந்த நேரத்துக்குள் கார் எங்கே இருக்கிறது, சுவரில் மோதுமா, நிழல் எந்தப் பக்கம் விழும், எதிரி என்ன செய்வான் — இத்தனை கணக்கையும் கம்ப்யூட்டர் போட்டு முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் படம் திக்கும். விளையாடுகிற பையன் உடனே "இது ஓட்டை" என்று சொல்லி அழித்துவிடுவான்.

அந்தக் கணக்கை எல்லாம் எழுதிக் கொடுப்பவர்தான் புரோகிராமர். பள்ளியில் "இது எதற்கு உதவும்?" என்று கேட்டுத் தள்ளிவைத்த திரிகோணமிதி, வெக்டார், மேட்ரிக்ஸ் எல்லாம் இங்கே தினசரிச் சாப்பாடு. கணக்குக்குப் பயந்து "கேம் செய்யப் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அவரைத் தவிர படம் வரைகிறவர்கள் உண்டு. இசை அமைப்பவர் உண்டு. விதிகளை வகுப்பவர் உண்டு. செய்து முடித்த விளையாட்டில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடுகிற சோதனையாளர்கள் உண்டு. "நாள் முழுக்க விளையாடச் சம்பளமா?" என்று சிலர் வாயைப் பிளப்பார்கள். ஒரே சுவரில் முந்நூறு முறை மோதிப் பார்த்து, எந்த முறை கார் சுவருக்குள் நுழைந்தது என்று எழுதிவைக்க வேண்டிய வேலை அது.

இவாட்டாவின் பேர் பரவியது எதனால் என்பதையும் இங்கே சொல்லலாம். ஒரு விளையாட்டு நாலு ஆண்டாக முடியாமல் இழுத்துக்கொண்டு இருந்தது. உதவிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். பார்த்தார். இருப்பதையே திருத்தினால் இரண்டு ஆண்டு ஆகும், முதலில் இருந்து எழுதினால் ஆறு மாதம் போதும் என்றார்! புதிதாகவே எழுதி, 1994-ல் விளையாட்டும் வெளிவந்தது. ஆசை யாருக்கும் இருக்கும். இப்படிச் சொல்லும் துணிச்சல், ஆயிரம் புரோகிராம் எழுதிய கைக்குத்தான் வரும். அவர் பள்ளிப் பையனாக இருந்தபோதே கால்குலேட்டரில் பேஸ்பால் விளையாட்டு எழுதிப் பக்கத்து இருக்கைத் தோழனுக்குக் காட்டியவர்.

பெண்களால் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1982-ல் வந்து அமெரிக்காவையே கலக்கிய 'ரிவர் ரெய்ட்' விமான விளையாட்டை எழுதியவர் கரோல் ஷா என்ற பெண்மணி.

மண்ணுக்குள் போன விளையாட்டு

சரி, வேலை நல்ல வேலைதான். நிலைக்குமா?

அமெரிக்காவில் அட்டாரி என்று ஒரு கம்பெனி. 1982-ல் 'ஈ.டி.' என்ற சினிமா சக்கைப்போடு போட்டது. அதை விளையாட்டாக எடுக்க அட்டாரி உரிமை வாங்கியது. கிறிஸ்துமசுக்குள் கடைக்கு வந்தாக வேண்டும். ஹோவார்டு ஸ்காட் வார்ஷா என்ற வாலிபர் ஒரே ஆளாக ஐந்தே வாரத்தில் எழுதி முடித்தார். கம்பெனி லட்சக்கணக்கில் தயாரித்துக் குவித்தது. வாங்கிய குழந்தைகள் விளையாடிப் பார்த்தார்கள். விளையாட்டில் வரும் குட்டி ஆசாமி குழிக்குள் விழுந்துகொண்டே இருந்தான்! சரக்கு விற்காமல் தேங்கியது.

1983-ல் அமெரிக்க விளையாட்டுத் தொழிலே சரிந்தது. விற்காத சரக்கை லாரியில் ஏற்றி, நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைக் கிடங்கில் கொட்டிப் புதைத்துவிட்டார்கள். இது கட்டுக்கதை என்று பலர் சொல்லிவந்தார்கள். 2014-ல் தோண்டினார்கள். மண்ணுக்கு அடியில் இருந்து 'ஈ.டி.' வெளியே வந்தது.

வார்ஷா என்ன ஆனார்? வேறு தொழில்களுக்குப் போனார். பிற்காலத்தில் மனக் கஷ்டம் உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லும் சிகிச்சை நிபுணர் ஆனார்.

அது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2020-ல் கொரோனா வந்தது. ஊரடங்கு. உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடியது. கம்பெனிகளுக்குப் பணம் கொட்டியது. வட்டியும் அப்போது மலிவு. கடன் வாங்கினார்கள், ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். ஊரடங்கு முடிந்து ஜனங்கள் வெளியே போனார்கள். வட்டியும் ஏறியது. எடுத்த ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை.

2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் கம்பெனி, ஆக்டிவிஷன் பிளிசார்டு என்ற விளையாட்டுக் கம்பெனியை 6,870 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. மூன்றே மாதம்! 2024 ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அதே மாதம், விளையாட்டு செய்வதற்கான கருவியைத் தயாரிக்கும் யூனிட்டி கம்பெனி 1,800 பேரை அனுப்புவதாக அறிவித்தது. நாலு பேரில் ஒருவர் என்று கணக்கு. அடுத்த மாதம் சோனி கம்பெனி 900 பேர் என்றது.

அதே ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி சோனியின் 'கான்கார்டு' என்ற விளையாட்டு வெளிவந்தது. பல ஆண்டு உழைப்பு. விலை 40 டாலர். ஆட வந்த கூட்டம் மிகக் குறைவு. செப்டம்பர் 6-ந் தேதி விளையாட்டையே நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆயுள் 14 நாள்! அதைச் செய்த கம்பெனியும் அக்டோபரில் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த புரோகிராமர்கள் திறமை இல்லாதவர்களா? அப்படிச் சொல்ல முடியாது. துப்பாக்கி சரியாகச் சுட்டது, படம் திக்கவில்லை. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலின் அடிப்படைச் சங்கடமே இதுதான். அரிசி விற்கிறவருக்கு நாளைக்கும் ஜனங்கள் சாப்பிடுவார்கள் என்று தெரியும். ஐந்து ஆண்டு கழித்து ஜனங்களுக்கு எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முதலாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். நின்டெண்டோவுக்குச் சரக்கு விற்காமல் கஷ்டம் வந்தபோது, 2014-ல் இவாட்டா முதலில் குறைத்தது தம் சொந்தச் சம்பளத்தை. ஐந்து மாதம் பாதிச் சம்பளம்தான் வாங்கினார். வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டு இருப்பவர்களால் நல்ல விளையாட்டு செய்ய முடியாது என்பது அவர் கட்சி. அவர் 2015-ல் 55-வது வயதில் காலமானார்.

வீட்டுக்கு வராத கணவர்கள்

வேலை நிலைத்தாலும் இன்னொரு தொல்லை உண்டு. விளையாட்டு வெளியாகும் தேதி நெருங்க நெருங்க ராத்திரி பகல் தெரியாது. 2004-ல் அமெரிக்காவில் ஒரு பெண் இணையத்தில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவருடைய துணைவர் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியில் புரோகிராமர். காலை 9 மணிக்குப் போனால் ராத்திரி 10 மணி. வாரத்தில் ஏழு நாளும் வேலை என்று எழுதினார். பெயர் போடவில்லை. கடிதம் உலகம் எங்கும் பரவியது. ஊழியர்கள் போட்ட வழக்குகளில் ஒன்றில், 2006-ல், புரோகிராமர்களுக்கு 1 கோடியே 49 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி சமாதானம் ஆயிற்று. அதன் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. அடியோடு மாறிவிட்டது என்று சொல்ல முடியாது.

தனி ஆளாகச் செய்தவர்கள்

"கம்பெனியே வேண்டாம். நானே ஒரு விளையாட்டு செய்து கோடீசுவரன் ஆவேன்" என்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வாயில் முதலில் வருகிற பெயர் 'ஸ்டார்டியூ வேலி'.

எரிக் பரோன் என்ற அமெரிக்க வாலிபர் 2011-ல் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினார். வேலை கிடைக்கவில்லை. கை பழகட்டும் என்று ஒரு விவசாய விளையாட்டை எழுதத் தொடங்கினார். புரோகிராம், படம், இசை, கதை எல்லாம் அவரே. நாலரை ஆண்டு! அந்த நாளில் அவர் பார்த்த வேலை, ஒரு தியேட்டரில் டிக்கெட் பார்த்து இடம் காட்டுவது. குடும்பச் செலவின் பெரும் பாரம் அவருடைய காதலியின் தலையில். 2016 பிப்ரவரியில் விளையாட்டு வெளிவந்தது. இரண்டே மாதத்தில் பத்து லட்சம் பிரதி விற்றது. 2024 முடிவதற்குள் 4 கோடியே 10 லட்சம் பிரதி.

அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காதலி சம்பளம் வாங்கி வாடகை கட்டிய நாலரை ஆண்டை யாரும் பேசுவது இல்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நாலரை ஆண்டுச் சோற்றை யார் போடுவது?

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் பெரிய கடை 'ஸ்டீம்'. 100 டாலர் கட்டினால் யாரும் அங்கே கடை விரிக்கலாம். விற்பதில் நூற்றுக்கு 30 பங்கை ஸ்டீம் எடுத்துக்கொள்ளும். 2024 ஒரே ஆண்டில் அங்கே வந்து இறங்கிய விளையாட்டுகள் 18 ஆயிரத்துக்கும் மேல். ஒரு நாளைக்குச் சுமார் ஐம்பது! அந்தக் கூட்டத்தில் ஒரு புது விளையாட்டு கண்ணில் படுவதே அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டம் வந்தாலும் எல்லோருக்கும் தாங்காது. வியட்நாம் நாட்டில் டாங் நுயென் என்ற வாலிபர், பறவையைத் தட்டித் தட்டிக் குழாய்களுக்கு இடையே பறக்கவிடும் 'பிளாப்பி பேர்டு' விளையாட்டை 2013-ல் வெளியிட்டார். மறு ஆண்டுத் தொடக்கத்தில் உலகமே அதைத் தட்டியது. பணம் வந்து கொட்டியது. நிம்மதி போய்விட்டது என்று சொல்லி, 2014 பிப்ரவரியில் அவரே அதைக் கடையில் இருந்து எடுத்துவிட்டார்!

நம் நாட்டில் எப்படி?

இந்தியாவில் இந்த வேலைக்குப் பேர்போன ஊர்கள் பெங்களூர், ஐதராபாத், புனா, மும்பை. பெங்களூரில் 1997-ல் துருவா என்ற கம்பெனி தொடங்கியது. வெளிநாட்டு விளையாட்டுகளுக்குப் படம் செய்து கொடுத்து வளர்ந்தது. 2019-ல் ராக்ஸ்டார் என்ற பெரிய கம்பெனி அதை வாங்கியது. பிரான்சு நாட்டு யூபிசாப்ட் கம்பெனி புனாவிலும் மும்பையிலும் கிளை வைத்தது. ஆனால் இங்கே வந்த வேலையில் பெரும் பகுதி, வெளியூரில் யோசித்ததை இங்கே செய்து கொடுப்பது. கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற தையற்காரர் மாதிரி. அதிலும் படம் வரைகிறவருக்குக் கிடைத்த இடம் புரோகிராமருக்குக் கிடைக்கவில்லை.

இடையே சில ஆண்டுகள், இந்திய வாலிபர்களுக்குக் கை நிறையச் சம்பளம் கொடுத்தவை பணம் கட்டி ஆடும் விளையாட்டுக் கம்பெனிகள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசாங்கம் சட்டம் கொண்டுவந்து பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. கடனில் மூழ்கித் தற்கொலை வரை போன குடும்பங்களை நினைத்தால் அந்தத் தடையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களில் பலருக்கு ஒரே வாரத்தில் தலைகீழ் ஆயிற்று. "கேம் கம்பெனியில் வேலை" என்று யாராவது சொன்னால், எந்த மாதிரி விளையாட்டு என்று கேட்டுவிடுவது நல்லது.

சொந்த விளையாட்டு செய்தவர்களும் இல்லாமல் இல்லை. புனாவில் ஒரு சிறு குழு 'ராஜி' என்ற புராணச் சாயல் உள்ள விளையாட்டைச் செய்தது. 2017-ல் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். வேண்டிய பணம் சேரவில்லை. தொடங்கியவர்களில் ஒருவர் தம் வீட்டையே விற்றுச் செலவுக்குக் கொடுத்தார். 2020-ல் வெளிவந்து வெளிநாடுகளிலும் பேர் வாங்கியது.

தமிழர்களுக்குப் பெருமையான சங்கதி ஒன்றும் உண்டு. கனடாவில் டொரன்டோ நகரத்தில் தமிழ் வாலிபர் ஒருவர் தலைமையில் சிறு குழு ஒன்று 'வெண்பா' என்ற விளையாட்டைச் செய்தது. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தாய் இட்லி அவிக்கிறாள்! அம்மா கொடுத்த சமையல் குறிப்பு அங்கங்கே அழிந்துவிட்டது. எது முதலில், எது பிறகு என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். நடுவே, தமிழ் பேச வெட்கப்படும் மகன். 2023 ஜூலையில் வெளிவந்த இந்த விளையாட்டு, 2024-ல் இங்கிலாந்தின் பாப்டா பரிசை வாங்கியது. ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். சின்னதாக இருந்ததால்தான் சிலர் கூடி முடிக்க முடிந்தது.

பீசு கட்டும் முன்னால்

இப்போது ஊருக்கு ஊர் பயிற்சிக் கூடங்கள். "ஆறு மாதத்தில் கேம் டெவலப்பர்! வேலை நிச்சயம்!" என்று பலகை. பீசோ லட்சக் கணக்கில். நகையை அடகு வைத்துக் கட்டுகிற தாய்மார்களும் இருக்கிறார்கள்.

அங்கே கற்றுக்கொடுக்கும் கருவிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியது இல்லை. 'கோடாட்' என்ற கருவி முழுக்க இலவசம். 'யூனிட்டி', 'அன்ரியல்' இரண்டும் படிக்கிற பிள்ளைகளுக்கு இலவசம். பணம் கேட்பது, செய்த விளையாட்டு நன்றாகச் சம்பாதித்த பிறகுதான். கற்றுக்கொடுக்கும் பாடங்களும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பலகையைப் பார்த்து மயங்காமல் பெற்றோர் ஒன்று கேட்கலாம்: "போன வருஷம் இங்கே படித்தவர்கள் செய்த விளையாட்டைக் காட்டுங்கள். நாங்கள் ஆடிப் பார்க்கிறோம்." காட்டினால் உட்கார்ந்து பேசலாம். "சர்ட்டிபிகேட் தருவோம்" என்று பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடலாம். விளையாட்டுக் கம்பெனிகளில் சர்ட்டிபிகேட்டைவிட, செய்து முடித்த விளையாட்டுக்குத்தான் மரியாதை.

விளையாட்டு ஒன்றை மட்டுமே கற்றுக்கொடுக்கும் பட்டப் படிப்பைவிட, பொதுவான கம்ப்யூட்டர் பட்டப் படிப்பே மேல். காரணம் எளிது. விளையாட்டுக்காகக் கற்ற சி-பிளஸ்-பிளஸ் மொழியும் கணக்கும் வேறு இடங்களிலும் விலை போகும். விமானம் ஓட்டப் பயிற்சி கொடுக்கும் பொம்மை விமானக் கூண்டு, கட்டடத்தைக் கட்டும் முன்பே திரையில் நடந்து பார்க்கும் வசதி, கார் கம்பெனி, சினிமாத் தந்திரக் காட்சி — இவற்றில் எல்லாம் அதே கருவிகள், அதே கணக்கு. விளையாட்டுக் கம்பெனி கதவை மூடினாலும் கற்ற கை சும்மா இருக்காது. வார்ஷா மாதிரி தொழிலையே மாற்ற வேண்டிய கட்டாயமும் வராது.

இப்போது செயற்கை நுண்ணறிவு புரோகிராம் எழுதிக் கொடுக்கிறதே என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். எழுதிக் கொடுக்கிறது, உண்மை. எழுதியது ஏன் திக்குகிறது என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். ஆனால் ஒன்றும் தெரியாமல் உள்ளே நுழைந்து அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்ற காலம் மலை ஏறிக்கொண்டு இருக்கிறது. வீட்டிலேயே கற்றுக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே பையனோடு பேச்சை நிறுத்த வேண்டியது இல்லை. பழைய லேப்டாப் ஒன்று போதும். முதல் ஆண்டு விடுமுறையில் ஒரு பந்து, ஒரு மட்டை, ஒரு சுவர் — அவ்வளவு சின்ன விளையாட்டு ஒன்றை அவன் முடித்துக் காட்டட்டும். தங்கச்சி ஆடிப் பார்க்கட்டும். அடுத்த ஆண்டு இன்னொன்று. கல்லூரி முடியும்போது கையில் இப்படி மூன்று முடிந்த விளையாட்டு இருந்தால் பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ விண்ணப்பம் போடலாம். ஒன்றுகூட முடியாமல் பாதியில் கிடந்தால், அதே பட்டத்தை வைத்து மற்றக் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடலாம். பீசு கட்டிய பணம் வீண் போகாது. அடகு வைத்த நகையும் மீளும்.